மூட்டைக்காரனின் பாட்டு

கீர்த்திகா தன் வாழ்நாளில் உருப்படியாக ஒரு பாட்டுக்கு இசை அமைத்திருந்தாள். அதை யாரும் கேட்கப் போவதில்லை என்று ஒரு புதன்கிழமை மத்தியானம் முடிவாகிவிட்டது.

முடிவு செய்தவர் ஜாஹிர். கோலாலம்பூரில் வீடியோ கேம்களை வெளியிடும் நிறுவனம் ஒன்றில் வேலை. பினாங்கில் பிறந்தவர்தான், ஆனால் தலைநகரத்துக் காற்று பட்டதும், எதைப் பார்த்தாலும் இதில் எந்தப் பகுதியை வெட்டலாம் என்று கேட்கும் வியாதி வந்துவிட்டது. மற்றபடி தங்கமான மனிதர். சிரித்த முகமாகவே கத்தியை இறக்குவார். அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவதைப்போல் சிரமம் வேறில்லை.

"மூணாவது ரூட்ட எடுத்துருவோம், தங்கச்சி," என்றார், ஏதோ பழைய நாற்காலியை வெளியே போடச் சொல்வதுபோல.

பினாங்கில், சூலியா தெருவில் மீரா சாகிப்பின் துணிக்கடைக்கு மேலே இருந்த மாடியறைதான் அவர்களுடைய அலுவலகம். அவர்கள் என்றால் மூன்றே பேர். கதையும் இசையும் கீர்த்திகா. கணினி வேலை முழுக்க மயூரன்; அவளுடைய பெரியப்பா மகன். படம் வரைகிறவள் ஐனா. மீரா சாகிப்பின் கடைசி மகள், அதனால்தான் வாடகை கொஞ்சம் தாமதமானாலும் யாரும் கதவைத் தட்டுவதில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலைகளை விட்டுவிட்டு, வீட்டில் வாங்கிக்கட்டிக்கொண்டு, இரண்டு வருடமாக ஒரு கேமை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதன் பெயர் ஓசைப்பட்டணம்.

கதை எளிமையானது. கடலோரத்தில் ஒரு பட்டணம். அங்கே மூட்டைக்காரன் என்று ஒருவன், தெருத்தெருவாக அலைந்து ஊரின் ஓசைகளையெல்லாம் திருடிச் சாக்கில் கட்டிக்கொண்டு போகிறான். ரொட்டி விற்கும் மோட்டார் சைக்கிளின் ஹாரன், அக்கரைக்குப் போகும் பெரிக் கப்பலின் சங்கு, கோயில் மணி, சூராவ் தொழுகைக்கூடத்தின் முரசு, மீ நூடுல்ஸ் பிரட்டும் சட்டியின் சலசலப்பு, எதையும் விடவில்லை. செல்லி என்ற பெண் அவனைத் தேடிப் புறப்படுகிறாள். கடைசியில், ஊர் முழுக்கக் கதவைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போடும் விளக்குநாள் அன்று, மூட்டைக்காரனே செல்லியின் வீட்டுக்கு வந்து நிற்கிறான். நாம் தீபாவளிக்கு ஓப்பன் ஹவுஸ் வைக்கிறோமே, அதே பழக்கம்தான். தெரிந்தவர், தெரியாதவர் என்று பாராமல் யார் படியேறினாலும் ஒரு தட்டு உண்டு.

வந்தவனை என்ன செய்வது என்பதில்தான் மூன்று வழிகள் பிரிகின்றன. அடிக்கலாம், அடித்தால் சாக்கு கிழிந்து ஓசைகள் தப்பி வரும், முரசும் தாளமுமாக ஒரு வெற்றி முழக்கம் கேட்கும். கதவைச் சாத்தலாம், அவன் போய்விடுவான், பாதி ஓசைகளும் அவனோடு போய்விடும், ஒற்றை வயலின் மட்டும் அழும். மூன்றாவது வழி, மற்ற விருந்தாளிகளுக்குக் கொடுத்ததுபோல அவனுக்கும் அடுப்படியிலிருந்து ஒரு தட்டு எடுத்துவந்து கொடுப்பது. கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிடுவான். சாப்பிட்டு முடித்ததும் சாக்கின் வாயைத் தானே அவிழ்ப்பான். தனக்கென்று ஒரு ஓசையும் இல்லாததால்தான் ஊரார் ஓசையைப் பொறுக்கினான் என்பது அப்போதுதான் தெரியும். எல்லா ஓசையும் ஒன்றாகச் சேர்ந்து, அவனுக்கென்று ஒரு பாட்டு பிறக்கும்.

அதுதான் கீர்த்திகாவின் பாட்டு. கேம் முழுக்கத் துண்டு துண்டாக வரும் மெட்டு அங்கே மட்டும்தான் முழுதாகக் கேட்கும். பெரியின் சங்கைப் பதிவு செய்யத் துறைமுகத்தில் மழையில் நின்று, இருமலோடு வீட்டுக்குப் போனவள் அவள். ரொட்டிக்காரரைத் தெருத்தெருவாகத் துரத்தி, வாங்காத ரொட்டியெல்லாம் வாங்கியவள். மெட்டை மோகன ராகத்தில் போட்டிருந்தாள். மோகனம் நம் காதுக்கு மோகனம், சீனர் காதுக்குச் சீனப் பாட்டு; எந்த வீட்டுக்குப் போனாலும் உறவுக்காரிபோல நேரே அடுப்படிக்குப் போய்விடும். அந்த மெட்டுக்கு அவளே வயலின் வாசித்திருந்தாள். அந்தப் பாட்டை அவள் இதுவரை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை, மயூரனுக்கும் ஐனாவுக்கும்கூட.

"ஏன் எடுக்கணும்?" என்றாள் கீர்த்திகா. குரல் ஏற்கெனவே ஏறிவிட்டது.

"கேம வெளயாடிப் பாக்கச் சொல்லி இத்தன பேர்கிட்ட குடுத்தோம்ல? எல்லாம் நம்ம மலேசியாக்காரங்கதான். ஒருத்தராவது மூணாவது ரூட்டுக்குப் போனாங்களா? ஒருத்தரும் போகாத ரோட்டுக்கு எதுக்கு தங்கச்சி தார் போடணும்?"

"திரையில ரெண்டு பட்டன்தான் காட்டுது," என்றான் மயூரன் மெதுவாக. "அடி, கதவச் சாத்து. மூணாவதா 'சோறு போடு'ன்னு ஒண்ணு வச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பாங்க. நான் அப்பவே சொன்னேன்."

"பட்டன அமுக்கிச் சோறு போடறதுக்குப் பேரு உபசரிப்பா? தானா தோணணும்ணே!"

"தோணலயே, கீர்த்தி."

அண்ணனே எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டான். ஐனா எந்தப் பக்கமும் சேராமல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீர்த்திகாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் ஜாஹிர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்பது தெரிந்ததால், அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"சனிக்கிழமை," என்றாள். "கண்காட்சிக்கு நீங்களும் வர்றீங்கதானே? நம்ம ஊரு ஆளுங்க வெளயாடுவாங்க. ஒரே ஒருத்தர், யாரும் சொல்லித்தராம, தானா அவனுக்கு ஒரு தட்டு கொடுத்தாலும் அந்த ரூட் இருக்கணும். ஒருத்தரும் கொடுக்கலன்னா நானே அழிச்சிடுறேன்."

ஜாஹிர் கொஞ்சம் யோசித்தார். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது. நீ கண்ணக்கூடக் காட்டக் கூடாது."

"சரி."

"அஞ்சு மணிக்கு நான் ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிடுவேன். அது வரைக்கும்தான்."

"சரின்னு சொல்லிட்டேன்லண்ணே!"

*

சனிக்கிழமை காலை, கடலோரத்துப் பழைய கிடங்கில் கண்காட்சி தொடங்கியது. ஊரிலுள்ள சின்னச் சின்ன கேம் குழுக்களெல்லாம் மேசை போட்டிருந்தன. ஓசைப்பட்டணத்துக்கு ஒரு மூலை. விளையாடுகிறவருக்கு ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன். வேடிக்கை பார்க்கிறவர்களுக்காகச் சுவரில் பெரிய திரை. விளக்குநாள் காலையிலிருந்து முடிவு வரைக்கும் மட்டும் விளையாடலாம் என்று வைத்திருந்தார்கள். கீர்த்திகா பேச அனுமதிக்கப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்: ஹெட்போனை மாட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் வந்த பையன் அடித்தான். சரி, பையன்கள் அடிப்பார்கள். அடுத்து வந்த சீனத் தம்பதி கன்ட்ரோலரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டு அடித்தார்கள். மூன்றாவதாக ஒரு பள்ளி ஆசிரியை. முகத்தில் அப்படி ஒரு சாந்தம். இவர் நிச்சயம் சோறு போடுவார் என்று கீர்த்திகா மனத்துக்குள் சத்தியமே செய்தாள். ஆசிரியை, செல்லியின் கையில் துடைப்பத்தை எடுத்துக் கொடுத்து, மூட்டைக்காரன் சுருண்டு விழும்வரை மொத்தித் தள்ளினார். முடித்ததும், "ரொம்ப மனசுக்கு நிம்மதியா இருந்துச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடித்தார்கள். கதவைச் சாத்தினார்கள். மறுபடி அடித்தார்கள். ஊரே சேர்ந்து அந்த மனிதனைப் புரட்டி எடுத்தது. ஒவ்வொரு அடிக்கும் முரசும் தாளமும் ஹெட்போனை மீறிக் கசிந்தன. கீர்த்திகாவுக்குத் தன் முரசின்மீதே வெறுப்பு வந்தது. ஜாஹிர் பக்கத்து மேசையில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது திட்டியிருக்கலாம்.

பதினொன்றரை மணிக்குமேல் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு கல்லூரி மாணவி வந்தாள். பெயர் நிரோஷா என்று தோழிகள் கூப்பிட்டதில் தெரிந்தது. அவள் விளையாடிய அழகே தனி. செல்லியின் வீட்டைக் கூட்டினாள், கோலம் போட்டாள். வந்த அக்கம்பக்கத்தாருக்கெல்லாம் அடுப்படிக்கு நடந்து நடந்து தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். பூனைக்குக்கூட ஒன்று. கீர்த்திகா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இவள் கொடுப்பாள். இவள் கொடுக்காவிட்டால் வேறு யார் கொடுப்பார்கள்?

திரையில் வாசல் இருண்டது. மூட்டைக்காரன் சாக்கோடு உள்ளே அடி வைத்தான்.

"அலாமாக்! சப்பாத்தோட வீட்டுக்குள்ள வரான்லா!" என்று நிரோஷா கத்தினாள். அடுத்த நொடி அடி விழுந்தது.

ஆட்டம் முடிந்து அவள் ஹெட்போனைக் கழற்றியதும் கீர்த்திகாவால் சும்மா இருக்க முடியவில்லை. முடித்தவளிடம் பேசினால் பந்தயம் கெடாது.

"ஏன் தங்கச்சி அவன மட்டும் அடிச்சிட்டீங்க?"

"பின்ன என்னக்கா? எவ்வளவு பாத்துப் பாத்துக் கூட்டி வச்சேன். விருந்தாளின்னா வாசல்லயே செருப்பக் கழட்டிட்டுத்தானே வருவாங்க? இவன் சப்பாத்துக் காலோட கோலத்து மேலயே ஏறி வரான். இவனுக்கெல்லாம் என்னா மரியாத?"

தோழிகள் அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கீர்த்திகா பெரிய திரையையே பார்த்தபடி அப்படியே நின்றாள்.

வாசலில் செருப்புக் குவியல் இருந்தது. ஐனாதான் வரைந்திருந்தாள், செருப்புக் குவியல் இல்லாமல் ஓப்பன் ஹவுஸ் ஏது? ரப்பர் செருப்பு, குழந்தையின் மிதியடி, யாரோ மாற்றிப் போட்டுப் போன ஒற்றைச் செருப்பு என்று அதில் அத்தனை நுணுக்கம். அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வெறுங்காலோடுதான் உள்ளே நடந்தார்கள். மூட்டைக்காரனை மட்டும் ஐனா இரண்டு வருடத்துக்கு முன்பே, சண்டைக் காட்சிக்காக வரைந்துவிட்டாள். முழங்கால்வரை ஏறிய, இரும்பாணி அடித்த கறுப்புச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வேலை மிச்சம் என்று அதே உருவத்தை அப்படியே செல்லியின் வீட்டுக்குள்ளும் நடக்கவிட்டிருந்தார்கள்.

மூன்று பேரும் அதை எத்தனை முறை பார்த்திருப்பார்கள்! ஒருவர் கண்ணிலும் படவில்லை. எப்படிப் படும்? சின்ன வயதிலிருந்து அவர்கள் விளையாடிய கேம்களில் வீரன் என்பவன் முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் சப்பாத்துக் காலோடு நுழைவான், அலமாரியைத் திறந்து காசை எடுப்பான், பானையை உடைப்பான். வீட்டுக்காரர் அவனைப் பார்த்து, இன்று நல்ல வெயில் என்பார். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகள் இவர்கள். நிஜத்தில் மீரா சாகிப் வீட்டுப் பாயில் சப்பாத்தோடு மிதித்தால் ஐனாவுக்கே சோறு கிடைக்காது.

இத்தனை நாளாக, 'இவனை விருந்தாளியாக நினையுங்கள்' என்று கெஞ்சிக்கொண்டே அவனுக்குத் திருடன் சப்பாத்தை மாட்டி அனுப்பியிருக்கிறோமே என்று நினைத்தபோது, கீர்த்திகாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. அதே சமயம் அடிவயிற்றிலிருந்து சிரிப்பும் வந்தது. ஊர் மோசமில்லை. பாட்டும் மோசமில்லை. தப்பு ஒரு ஜோடிச் சப்பாத்தில்.

அவள் மயூரனிடம் ஓடினாள்.

"அண்ணே, அவன் சப்பாத்தோட வரான்!"

"யாரு?" என்று மயூரன் கண்காட்சி வாசலைப் பார்த்தான்.

"நம்ம மூட்டைக்காரன்ணே! வீட்டுக்குள்ள!"

மயூரன் திரையைப் பார்த்தான். அப்போது விளையாடிக்கொண்டிருந்தவர் வீட்டுக்குள் மூட்டைக்காரன் கோலத்தை மிதித்துக்கொண்டு நுழைந்துகொண்டிருந்தான். மயூரனின் காது நுனி சிவந்தது. அவன் தன் செருப்பை வாசலில் ஜோடி சேர்த்து, சுவருக்கு நேராக வைத்துவிட்டு வருகிறவன். அவனுக்கே இது தெரியாமல் போனதில் அவமானம்.

"ஐனா!" என்று கத்தினான். "உன் ஆளு காலப் பாரு!"

விஷயம் காதில் விழுந்து ஜாஹிர் வந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பந்தயத்துக்கு நடுவுல கேம மாத்தறது ஞாயமில்ல தங்கச்சி."

கீர்த்திகா வாயைத் திறப்பதற்குள் மயூரன் முன்னால் வந்தான். "மாத்தலண்ணே. இது பிழை. சுவத்துக்குள்ள ஆளு நடந்து போனா திருத்துவோமா இல்லயா? அதே மாதிரி, வீட்டுக்குள்ள ஆளு சப்பாத்தோட வந்தாலும் திருத்தணும். நான் அந்த ரூட் வேணாம்னு சொன்ன ஆளு. ஆனா பிழையோட ஒண்ண வெளிய விட மாட்டேன்."

ஜாஹிர் மயூரனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், கடைசியில் தன் காலையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எங்கம்மா பாத்தா வெளக்கமாத்த எடுத்திருப்பாங்க," என்று அவர் சிரித்தபோது, அது நிஜமான சிரிப்பாக இருந்தது. "சரி, திருத்துங்க. ஆனா ஒரு வார்த்த கூடச் சேக்கக் கூடாது. அஞ்சு மணி அஞ்சு மணிதான்."

சாப்பாட்டு நேரம் என்று பலகை மாட்டிவிட்டு மூவரும் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார்கள். வாங்கி வைத்த நாசி கண்டார் சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்கப்படாமலே ஆறின. ஐனா வரைந்தாள்: அவன் வாசலில் நிற்கிறான். குனிகிறான். ஒரு சப்பாத்து. தடுமாறிக் கதவு நிலையைப் பிடித்துக்கொள்கிறான். இன்னொரு சப்பாத்து. இரண்டையும் செருப்புக் குவியலின் ஓரமாக வைக்கிறான். கடைசியில் ஐனா, யாரும் சொல்லாமலே, அவன் காலுறையில் ஒரு ஓட்டை போட்டுப் பெருவிரலை வெளியே எட்டிப் பார்க்கவிட்டாள்.

"ஓட்டை எதுக்குலா?" என்றான் மயூரன்.

"எங்க வாப்பா காலுறை எல்லாமே இப்படித்தான் இருக்கும்," என்றாள் ஐனா.

முதல்முறை போட்டுப் பார்த்தபோது மூட்டைக்காரன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டான். சப்பாத்து மட்டும் தானாக உள்ளே நடந்துபோய்ப் பாயில் உட்கார்ந்தது. வரிசையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயூரன் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் சரி செய்தான்.

மறுபடி ஆட்டம் தொடங்கியபோது மணி மூன்றரை.

முதலில் ஆடிய இளைஞன் அடித்தான். ஆனால் அடிப்பதற்குமுன் ஒரு கணம் கை நின்றது, கீர்த்திகா பார்த்துவிட்டாள். அடுத்த பெண்மணி வெகுநேரம் யோசித்து, திரையிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்கு அடுத்தவர், "ஐயோ பாவம்," என்றார். என்றாலும் வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அடித்துவிட்டார். காலையில் ஒருவரும் தயங்கவில்லை, இப்போது தயங்குகிறார்கள். ஆனால் தயக்கத்துக்குப் பந்தயத்தில் இடமில்லை. ஜாஹிர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நாலே முக்கால் ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஓர் ஆள்தான் ஆட முடியும்.

அந்த ஒரே ஆள் கஜன்.

செபராங் ஜெயாவிலிருந்து வந்தவன். எந்த கேமையும் எல்லோருக்கும் முன்னால் முடித்து, அதை வீடியோவாகப் போட்டுப் பெருமையடிப்பதே அவன் பிழைப்பு. வசனம் வந்தால் படிக்கமாட்டான், பாட்டு வந்தால் கேட்கமாட்டான். காட்சியைத் தள்ளிவிடும் தாண்டு பட்டனில் அவன் கட்டைவிரல் ஒட்டிக்கொண்டே பிறந்தது என்று சொல்வார்கள். பின்னால் இரண்டு நண்பர்கள், கையில் கைப்பேசியோடு. அவன் நாற்காலியில் உட்கார்ந்த தோரணையைப் பார்த்ததுமே கீர்த்திகாவுக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று. இத்தனை பேர் இருக்க, கடைசியில் இவனா வந்து வாய்க்க வேண்டும்? ஐனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹெட்போன மாட்டிக்குங்க," என்றாள் கீர்த்திகா. அழாமல் சொல்லிவிட்டாள்.

கஜன் ஆடத் தொடங்கினான். தாண்டு, தாண்டு, தாண்டு. கூட்டவில்லை. கோலம் போடவில்லை. அக்கம்பக்கத்தார் வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் மட்டும், "இந்தா, இந்தா, நவுரு," என்று முணுமுணுத்தபடி அவர்கள் கையில் தட்டுகளைத் திணித்தான். பூனை பட்டினி. வாசல் இருண்டது. அவன் கட்டைவிரல் 'அடி'யின்மேல் தயாராக வந்து உட்கார்ந்தது.

மூட்டைக்காரன் வாசலில் நின்றான். குனிந்தான்.

கஜன் தாண்டு பட்டனை அமுக்கப் போனான். அமுக்கவில்லை.

ஒரு சப்பாத்து. தடுமாற்றம். இன்னொரு சப்பாத்து. ஓரமாக வைத்தான். ஓட்டைக் காலுறையோடு உள்ளே வந்து, கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடந்து, சுவரோரமாகச் சாக்கோடு நின்றான். திரையில் 'அடி' என்பது மின்னிக்கொண்டே இருந்தது.

"அடிலா!" என்றான் ஒரு நண்பன்.

"இருலா."

"என்னா இருலா? முடிச்சுட்டுக் கெளம்புவோம்."

"எப்படிலா அடிக்கறது?" கஜன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான். ஹெட்போன் மாட்டியிருந்ததால் குரல் கூடமெங்கும் கேட்டது. "கழட்டிட்டு வந்துட்டான். காலுறைல ஓட்ட வேற. வீட்டுக்கு வந்தவனப் போயி..."

அவன் தலையைச் சொறிந்தான். கதவைப் பார்த்தான். செல்லியை இரண்டடி முன்னால் கொண்டுபோனான், நிறுத்தினான், பின்னால் கொண்டுவந்தான். பிறகு, வீட்டில் அம்மா கூப்பிட்டு வேலை ஏவினதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, அவளை அடுப்படிப் பக்கம் திருப்பினான்.

கீர்த்திகா ஐனாவின் மணிக்கட்டை நெரித்தாள்.

செல்லி பானையைத் திறந்தாள். தட்டை எடுத்தாள். மெதுவாக, சிந்தாமல் நடந்து வந்தாள். அவசரக்காரன் கஜன் அவளை ஓடவிடவில்லை, நடக்கவிட்டான். மூட்டைக்காரனின்முன் போய் நின்றாள். தட்டு கை மாறியது.

மூட்டைக்காரன் உட்கார்ந்தான். சாப்பிட்டான். சாக்கின் வாயை அவிழ்த்தான்.

முதலில் ரொட்டிக்காரரின் ஹாரன் மட்டும் மெல்லக் கேட்டது. கஜனுக்கு மட்டும்தான் கேட்டது. மயூரன் அதைத் தாங்கமாட்டாதவனாய்ப் பாய்ந்து போய் ஹெட்போன் வயரைப் பிடுங்கினான். ஓசை ஒலிபெருக்கிகளுக்குத் தாவி, கிடங்கு முழுக்கப் பரவியது. ஹாரனோடு சைக்கிள் மணி சேர்ந்தது. சட்டியின் சலசலப்பு தாளமாயிற்று. அதன்மேல் கோயில் மணி, சூராவின் முரசு. சீனத்து இருதந்தி வாத்தியம் மெட்டை எடுத்துக்கொடுக்க, கீர்த்திகாவின் வயலின் அதை வாங்கிக்கொண்டு மேலே ஏறியது. எல்லாம் கூடி நிற்கும் இடத்தில், பெரியின் சங்கு அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம் கொடுத்தது. ஊரே ஒரு மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது.

மற்ற மேசைகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுத் திரும்பினார்கள். தேநீர் விற்ற பெண் கரண்டியோடு வந்து நின்றாள். கஜனின் நண்பர்கள் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டார்கள். கஜனின் கட்டைவிரல் தாண்டு பட்டனுக்கு மேலேயே இருந்தது. பாட்டு முடியும்வரை அது இறங்கவே இல்லை.

கடைசிச் சுரம் ஓய்ந்தது. பிறகு கைதட்டல் கிளம்பியது. கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது.

கஜன் மூக்கை உறிஞ்சினான். "ஏர்கோன் குளிரு ஒத்துக்கல," என்றான் நண்பர்களிடம். அப்புறம் எழுந்து நின்று, "யாருங்க இந்தப் பாட்டப் போட்டது?" என்று கேட்டான்.

ஐனா கீர்த்திகாவை முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டாள். நடுவில் வந்து நின்றவளுக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, எதையும் துடைத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அறிந்ததில்லை. மயூரன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கைதட்டிக்கொண்டிருந்தான், என்னவோ அந்த வழி வேண்டும் என்று முதலிலிருந்து போராடியவனே அவன்தான் என்பதுபோல.

ஜாஹிர் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கி வைத்திருந்தார்.

"இந்தப் பாட்ட ஏன் புதன்கிழமயே எனக்குப் போட்டுக் காட்டல?" என்றார். "காட்டியிருந்தா வாயத் தொறந்திருப்பேனா?"

"போட்டுக் காட்டுற பாட்டு இல்லண்ணே அது," என்றாள் கீர்த்திகா. "ஒரு தட்டு கொடுத்தவங்களுக்குத்தான் கேக்கணும்."

ஜாஹிர் கைப்பேசியை எடுத்துக் கோலாலம்பூரைக் கூப்பிட்டார். "மூணாவது ரூட்ல யாரும் கை வைக்காதீங்க. ஆமா, அதுதான். அது இல்லன்னா இந்த கேமே இல்ல," என்று அழுத்தமாகச் சொன்னார். விமான டிக்கெட்டை நாளைக்கு மாற்றச் சொல்லி இன்னொரு அழைப்பு. எல்லாம் முடித்துவிட்டு, காலியாக இருந்த நாற்காலியை இழுத்து உட்காரப் போனார்.

அதற்குள் நாற்காலிக்குப் பின்னால் வரிசை தேநீர் கடையைத் தாண்டிப் போயிருந்தது. காலையில் துடைப்பத்தால் மொத்திய ஆசிரியைகூட அதில் நின்றுகொண்டிருந்தார். கீர்த்திகா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"வரிசையில வாங்கண்ணே," என்றாள்.

ஜாஹிர் பையை எடுத்துக்கொண்டு, மறுபேச்சில்லாமல் வரிசையின் கடைசியைத் தேடிப் போனார்.